ஜெனோவா: துறைமுகத்திலிருந்து மலைக்கு

இத்தாலிக்குப் போகிற நம்மவர்களில் பெரும்பாலோர் ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் என்று மூன்று ஊரோடு திரும்பிவிடுகிறார்கள். சொகுசுக் கப்பலில் வருகிறவர்களுக்கு ஜெனோவா அரை நாள் இறங்கி ஏறும் துறை. சின்க்வே தெர்ரே கிராமங்களுக்குப் போகிறவர்களுக்கு அது ரயில் மாறும் நிலையம். இந்த ஊருக்கு இரண்டு முழு நாட்கள் ஒதுக்குங்கள் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் முதல் யோசனை.

ஜெனோவா ஒரு காலத்தில் தனி நாடு. 1797-இல் நெப்போலியன் முடித்துவைக்கும்வரை ஏறத்தாழ 700 ஆண்டுகள் குடியரசாக இருந்தது. கருங்கடல் கரையில் காஃபா, கான்ஸ்டான்டிநோபிளுக்கு எதிர்க்கரையில் கலாத்தா என்று அதற்குத் தொலைதூரக் குடியிருப்புகள் இருந்தன. பிற்பாடு ஸ்பெயின் மன்னர்களுக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு இதன் வணிகர்கள் வளர்ந்தார்கள். அந்தப் பணமெல்லாம் இந்த ஊரில்தான் இறங்கியது. ஆனால் வெனிஸைப் போல அது வெளியே தெரியாது. மலைக்கும் கடலுக்கும் இடையில் சமதரையே இல்லாத இடம் இது. மாளிகைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. கைகளை விரித்தால் இரு சுவரும் தட்டுகிற சந்துகள் உண்டு. உள்ளூரில் அவற்றைக் கருஜ்ஜி என்கிறார்கள். தள்ளி நின்று முகப்பைப் பார்க்க வழியில்லை. எனவே இங்கே இரண்டு பழக்கங்கள் வேண்டும். நடக்கும்போது அடிக்கடி அண்ணாந்து பார்க்க வேண்டும். திறந்திருக்கிற வாசல் எதுவானாலும் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும்.

செல்வம் கடலில் வந்து மலையேறிய ஊர் என்பதால், நாமும் அதே வழியில் துறைமுகத்தில் தொடங்கி மேலே போவோம்.

முதல் நாள்: துறைமுகமும் சந்துகளும்

மிலானிலிருந்து ரயிலில் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். இரண்டு பெரிய நிலையங்கள் இருக்கின்றன: மேற்கே பிரின்சிப்பே, கிழக்கே பிரிஞ்ஞோலே. துறைமுகத்திலிருந்து தொடங்க பிரின்சிப்பேதான் தோது. வெளியே வந்ததும் கொலம்பஸ் சிலை நிற்கும். அதைத் தாண்டிக் கடல் பக்கமாக இறங்கினால் கொம்மெந்தா தி பிரே என்ற கட்டடம் வரும். 1180-இல் புனித யோவான் சபை வீரர்கள் கட்டியது. புனித பூமிக்குக் கப்பலேறப் போகிற யாத்திரிகர்கள் தங்குவதற்கும், நோயுற்றால் மருத்துவம் பார்ப்பதற்கும் ஏற்பட்ட சத்திரம். இன்று அதே இடத்தில் இத்தாலியர்கள் வெளிநாடுகளுக்குப் புலம்பெயர்ந்த வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகம் இயங்குகிறது. பிரே தெருப் பகுதியில் பகலில் தயங்காமல் நடக்கலாம். இரவு நேரமானால் ஆள் நடமாட்டமுள்ள பெரிய தெருக்களில் போவதே நல்லது. கைப்பையை எப்போதும் முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தை ஒட்டி நீண்டு போகிற வளைவு மண்டபங்களுக்குச் சோட்டோரிப்பா என்று பெயர். 12-ஆம் நூற்றாண்டிலிருந்தே இது கடைவீதி. ஒரு காலத்தில் கடல் நீர் இதன் காலடிவரை வந்தது. படகிலிருந்து சரக்கை நேரே கடைக்குள் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். இன்றும் இங்கே மீன் வறுக்கிற சிறு கடைகள் உண்டு. காகிதக் கூம்பில் வறுத்த நெத்திலியும் கணவாயும் கொடுப்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஜெனோவா கைகொடுக்கும் ஊர். ஃபரினாத்தா என்பது கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு மட்டும் சேர்த்துப் பெரிய செம்புத் தட்டில் விறகு அடுப்பில் சுடுவது. ஓரம் மொறுமொறுப்பாக, நடுவே மெத்தென்று, நம் அடையை நினைவூட்டும். சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பெஸ்தோ இந்த ஊரின் சொந்தச் சாந்து. அதில் துளசி இனத்து இலையோடு பாலாடைக்கட்டியும் சேரும் என்பதைச் சுத்த சைவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோட்டோரிப்பாவின் முனையில் பலாட்ஸோ சான் ஜோர்ஜோ நிற்கிறது. இந்த ஊரில் எந்தக் கட்டடத்தின் முன் அதிக நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கடலைப் பார்த்த முகப்பு முழுக்க ஓவியம். தூண்கள், மாடங்கள், சிலைகள் எல்லாம் புடைத்து நிற்பதுபோலத் தெரியும். பக்கத்தில் போனால் அத்தனையும் தட்டைச் சுவரில் தீட்டிய வண்ணம் என்று புரியும். ஆனால் அது பிற்காலச் சேர்க்கை. சுற்றிக்கொண்டு ஊர்ப் பக்கம் போங்கள். கீழே கல், மேலே செங்கல், கூர்முனை வளைவுகள் என்று இருக்கிற பகுதிதான் மூலக் கட்டடம். 1260-இல் குல்யெல்மோ பொக்கனேக்ரா என்ற மக்கள் தலைவர் கட்டியது.

அங்கே சுவரில் கல்லில் செதுக்கிய சிங்கத் தலைகளைத் தேடுங்கள். சிங்கம் வெனிஸின் சின்னம். ஜெனோவாவின் பரம எதிரியின் சின்னம் இங்கே ஏன் வந்தது? 1261-இல் ஜெனோவாவின் நட்போடு கான்ஸ்டான்டிநோபிளை மீட்ட பைசான்டியப் பேரரசர், அங்கே வெனிஸ்காரர்களுக்கு இருந்த மாளிகையை ஜெனோவாக்காரர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் அதை இடித்துக் கற்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இந்தக் கட்டடத்தில் பதித்தார்கள்.

அடுத்தது நமக்கு நேரடியாகத் தொடர்புடையது. 1298-இல் கூர்சோலா தீவருகே வெனிஸும் ஜெனோவாவும் மோதிய கடற்போரில் ஜெனோவா வென்றது. அந்தப் போர்க்காலத்தில் சிறைப்பட்ட வெனிஸ்காரர்களில் ஒருவர் மார்க்கோ போலோ. ஜெனோவாச் சிறையில் அவரோடு இருந்தவர் பீசா நகரத்து எழுத்தாளர் ருஸ்திகெல்லோ. ஒருவர் சொல்ல மற்றவர் எழுத, உலகப் புகழ்பெற்ற அந்தப் பயண நூல் உருவானது இந்த ஊர்ச் சிறையில். அந்தச் சிறை இந்தக் கட்டடம்தான் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லப்படுவது.

அந்த நூலில் பாண்டிய நாடு வருகிறது. மாபார் என்று அரபு வணிகர்கள் அழைத்த நம் கரையை மார்க்கோ போலோ விரிவாகச் சொல்கிறார். சகோதரர்களான ஐந்து அரசர்கள், அவர்களில் சுந்தர பாண்டியன், முத்துக் குளிப்பவர்கள், அவர்கள் மூழ்கும் பருவம், அரசனுக்குச் சேரும் பத்தில் ஒரு பங்கு, ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்து சேரும் காயல் துறைமுகம், ஓயாமல் வெற்றிலை மெல்லும் மக்கள் என்று எல்லாம் அதில் உண்டு. தாமிரபரணி முகத்துவாரத்துக் காயலைப் பற்றி ஐரோப்பா படித்த வரிகள் ஜெனோவாவில் எழுதப்பட்டவை. தமிழ்நாட்டிலிருந்து வருகிற ஒருவர் இந்தக் கட்டடத்தைப் புகைப்படம் மட்டும் எடுத்துக்கொண்டு கடந்துபோவது எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

1407-இல் தொடங்கிய புனித ஜார்ஜ் வங்கியும் இங்கிருந்துதான் இயங்கியது. ஐரோப்பாவின் ஆகப் பழைய வங்கிகளில் ஒன்று. குடியரசுக்கே கடன் கொடுத்து, கோர்சிகா தீவின் நிர்வாகத்தையே ஒரு கட்டத்தில் எடுத்துக்கொண்டது. இப்போது உள்ளே துறைமுக ஆணையத்தின் அலுவலகம் நடக்கிறது. ஆகவே எந்நேரமும் உள்ளே விடமாட்டார்கள். கண்காட்சியோ பொதுநிகழ்ச்சியோ இருக்கும் நாளில் போனால் மேல்தளக் கூடத்தைப் பார்க்கலாம். கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவே 1960-களில் போட்ட மேம்பாலச் சாலை ஓடுகிறது. துறைமுகத்தையும் ஊரையும் கத்தியால் கீறியதுபோல் பிரித்த இந்தப் பாலத்தை மன்னிப்பது கடினம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பழைய துறைமுகம். கொலம்பஸ் கடல் கடந்த 500-ஆவது ஆண்டையொட்டி 1992-இல், இதே ஊரில் பிறந்த கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ இதைப் புதுப்பித்தார். பெரிய மீன் காட்சியகம் இங்கேதான். குழந்தைகளோடு வந்தால் அரை நாள் அதற்கே போய்விடும். வரலாற்றுக்காக வந்தவர்கள் அதைத் தாண்டிப் போகலாம்.

இனி சான் லொரென்ஸோ பேராலயம். துறைமுகத்திலிருந்து நேரே மேலேறும் தெருவில் சில நிமிட நடை. வெள்ளைச் சலவைக்கல்லும் கருங்கல் நிறக் கல்லும் மாறிமாறி அடுக்கிய பட்டைச் சுவர். இப்படிப் பட்டைபோட்டுக் கட்டுவது ஊரின் பெரும் குலங்களுக்கும் பெரிய ஆலயங்களுக்கும் உரிய அடையாளமாக இருந்தது. 1118-இல் போப் இரண்டாம் கெலாசியஸ் புனிதப்படுத்திய ஆலயம். இன்று தெரியும் முகப்பின் மூன்று வாயில்கள் 13-ஆம் நூற்றாண்டு வேலை. எட்ட நின்று பார்த்தால் பட்டைகள் மட்டும்தான் கண்ணில் படும். நடுவாயிலின் பக்கத் தூண்களுக்கு ஒரு முழ தூரத்தில் போய் நில்லுங்கள். விரல்நகம் அளவுக்கு வெட்டிய பல நிறக் கல்துண்டுகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் இழைத்துப் பதித்திருக்கிறார்கள். முகப்பில் ஓரிடத்தில் படுத்துறங்கும் சின்ன நாய் ஒன்றும் செதுக்கப்பட்டிருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதை ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறார்கள். வாசலின் இரு பெரிய சிங்கங்கள் 19-ஆம் நூற்றாண்டில் வந்தவை.

உள்ளே போனதும் வலது பக்கச் சுவரோரம் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த பீரங்கிக் குண்டு ஒன்று நிற்கும். 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் கடற்படை கடலிலிருந்து ஊரைச் சுட்டது. அன்று ஆலயத்தைத் துளைத்து உள்ளே விழுந்த 381 மில்லிமீட்டர் குண்டு வெடிக்கவில்லை. அதன் நினைவாகவே இது. பக்கத்தில் நன்றிக் கல்வெட்டும் உண்டு.

ஆலயத்துக்கு அடியில் இருக்கும் கருவூல அருங்காட்சியகத்துக்குத் தனிச் சீட்டு. தவறாமல் வாங்குங்கள். ஃபிராங்கோ அல்பினி 1956-இல் வடிவமைத்தது. சாம்பல் நிறக் கல்லால் ஆன வட்ட அறைகள் ஒன்றிலிருந்து ஒன்றாகத் திறக்கும். இருட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் மட்டும் வெளிச்சம். அங்கே முக்கியமானது புனிதக் கிண்ணம் என்னும் ஆறுமுகப் பச்சைப் பாத்திரம். 1101-இல் சிலுவைப் போரின்போது செசாரியா நகரிலிருந்து எடுத்துவந்தது. இயேசு கடைசி இரவுணவில் பயன்படுத்திய பாத்திரம் என்றும், ஒரே மரகதத்தில் குடைந்தது என்றும் பல நூற்றாண்டுகள் ஊர் நம்பியது. நெப்போலியன் பாரிஸுக்குக் கொண்டுபோனான். உடைந்து திரும்பி வந்தது. மரகதம் அல்ல, கண்ணாடி என்று உறுதியானது. உடைந்த துண்டுகளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டு இன்றும் இல்லை. மரகதமாக இல்லாவிட்டால் என்ன, அவ்வளவு பழைய கண்ணாடியில் இப்படி ஒரு பச்சையைப் பார்ப்பதே பேறு.

ஆலயத்துக்குப் பின்னால் சந்துகளில் புகுந்தால் சான் மத்தேயோ சதுக்கம். சின்னஞ்சிறு முற்றம், சுற்றிலும் தோரியா குலத்தின் பட்டைபோட்ட வீடுகள், ஒரு பக்கம் அவர்களுடைய குடும்பக் கோயில். 1125-இல் நிறுவியது, 1278-இல் புதுப்பித்துக் கட்டியது. அதன் முகப்பின் வெள்ளைப் பட்டைகளை உற்றுப் பாருங்கள். வரி வரியாக எழுத்துகள் ஓடும். தோரியா தளபதிகள் வென்ற கடற்போர்களின் செய்தி அது. மார்க்கோ போலோவின் நாட்டவரைத் தோற்கடித்த கூர்சோலா வெற்றியும் அதில் உண்டு. அந்தப் போரை நடத்திய லம்பா தோரியாவின் கல் பேழை முகப்பிலேயே பதிந்திருக்கிறது. 93 வயதுவரை வாழ்ந்து 1560-இல் இறந்த தளபதி அந்திரேயா தோரியாவின் கல்லறை கீழ் அறையில். இந்தச் சதுக்கத்திலும் சுற்றுச் சந்துகளிலும் வாசல்களுக்கு மேலே புனித ஜார்ஜ் பறவைநாகத்தைக் குத்தும் காட்சியைச் செதுக்கிய கற்பலகைகள் இருக்கும். அண்ணாந்து பார்க்கச் சொன்னது இவற்றுக்காகத்தான்.

தூக்காலே அரண்மனையையும் தெ ஃபெர்ராரி சதுக்கத்தையும் விரைவாகவே பார்க்கலாம். 1339 முதல் குடியரசின் தலைவர்களான தோஜேக்கள் இருந்த அரண்மனை; 1777 தீவிபத்துக்குப் பிறகு கட்டிய முகப்பு. இப்போது கண்காட்சிக் கூடம். அருகிலுள்ள ஜெசு ஆலயத்தில் மட்டும் கால்மணி நேரம் உட்காருங்கள். ரூபென்ஸ் தீட்டிய இரண்டு பலிபீட ஓவியங்கள் அங்கே கட்டணமின்றிக் காணக் கிடைக்கின்றன.

அங்கிருந்து தெற்கே போர்த்தா சொப்ரானா. ஜெர்மானியப் பேரரசர் பார்பரோசாவுக்கு அஞ்சி 1155-இல் அவசரம் அவசரமாக எழுப்பிய கோட்டைமதிலின் வாயில். ஒரு காலத்தில் இங்கே பீசா துறைமுகத்துச் சங்கிலியின் துண்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். 1290-இல் பீசாவை முறியடித்து அறுத்துவந்த அந்தச் சங்கிலியை, இத்தாலி ஒன்றாகும் நேரத்தில் 1860-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். வாயிலுக்கு வெளியே கொலம்பஸ் வீடு என்று காட்டுவது சிறுவயதில் அவர் வாழ்ந்த வீடு இருந்த இடத்தில் பின்னர் கட்டியது. பழைய வீடு 1684-இல் பிரெஞ்சுக் கடற்படையின் தாக்குதலில் போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் போதும். கொலம்பஸ் மேற்கே போய் இந்தியாவைத் தேடிய அதே பத்தாண்டில், ஹீரோனிமோ தி சாந்தோ ஸ்தெஃபனோ என்ற இன்னொரு ஜெனோவா வணிகர் எகிப்து, செங்கடல் வழியாகக் கோழிக்கோட்டுக்கு வந்து, இலங்கையையும் சோழமண்டலக் கரையையும் கண்டு, 1499-இல் கடிதம் எழுதினார். அவருக்கு ஜெனோவாவில் வீடு காட்டுவாரில்லை. நாம் நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள்: புதுத் தெருவும் மேட்டு ஊரும்

இன்று கரிபால்டி தெரு என்று பெயர். கட்டியபோது ஸ்ட்ராடா நுவோவா, அதாவது புதுத் தெரு. 1550-களில் சில பணக்காரக் குடும்பங்கள் நெருக்கடியான சந்துகளைவிட்டு மேலேறி, மலைச்சரிவை வெட்டி நேர்க்கோடாக ஒரு தெரு போட்டு, இரு பக்கமும் மாளிகை கட்டிக்கொண்டார்கள். ரோலி மாளிகைகள் என்று கேள்விப்படுவீர்கள். குடியரசுக்கு அரண்மனை விருந்தகம் கிடையாது. ஆகவே 1576-இல் ஒரு பட்டியல் போட்டார்கள். வெளிநாட்டு அரசரோ தூதரோ வந்தால், அவருடைய தகுதிக்கேற்ற வரிசையிலிருந்து ஒரு மாளிகையைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். சீட்டு விழுந்த வீட்டுக்காரர் விருந்தாளியைத் தங்கவைத்து உபசரிக்க வேண்டும். யாருக்கும் எப்போதும் சீட்டு விழலாம் என்பதால், ஒருவரை ஒருவர் மிஞ்சும்படி வீடுகளை அலங்கரித்தார்கள். இந்த மாளிகைகளின் வரைபடங்களைத் திரட்டி ரூபென்ஸ் 1622-இல் ஆன்ட்வெர்ப்பில் நூலாகவே வெளியிட்டார். 2006-இல் யுனெஸ்கோ இவற்றில் 42 மாளிகைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

சிவப்பு மாளிகை, வெள்ளை மாளிகை, தோரியா துர்சி மாளிகை மூன்றுக்கும் ஒரே சீட்டு. நேரம் குறைவென்றால் சிவப்பு மாளிகைக்கு முதலிடம். அங்கே வான் டைக் தீட்டிய குடும்ப உருவப்படங்கள் இருக்கின்றன. அதைவிட முக்கியம், ஓவியமே கூரையாகிப்போன பருவகால அறைகள். இதன் கடைசி வாரிசான சீமாட்டி 1874-இல் மாளிகையை ஊருக்கே கொடுத்துவிட்டார். மொட்டைமாடிக்கு ஏற விடுகிறார்கள். சாம்பல் நிறப் பலகைக்கல் கூரைகள் படிப்படியாக இறங்கிக் கடலைத் தொடுவதை அங்கிருந்துதான் முழுமையாகப் பார்க்கலாம். துர்சி மாளிகையில் இந்த ஊரில் 1782-இல் பிறந்த பகனீனியின் வயலின் இருக்கிறது. 1743-இல் குவார்னேரி செய்தது. பீரங்கி என்று அதற்குச் செல்லப்பெயர்.

தெருவின் மற்ற மாளிகைகள் வங்கிகளும் தனியார் அலுவலகங்களும்தான். வாயில் திறந்திருந்தால் முற்றம்வரை போய்ப் பார்ப்பதை யாரும் தடுப்பதில்லை. மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போங்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ரோலி நாட்கள் என்று சில நாள் பல மாளிகைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால் அதையொட்டி வையுங்கள். முன்பதிவு வேண்டியிருக்கும்.

தெருவின் கீழ்முனையிலிருந்து சற்று நடந்தால் போர்த்தெல்லோ சதுக்கம். சுரங்க நடையில் உள்ளே போனால் 1909-இல் அமைத்த மின்தூக்கி உங்களைக் கஸ்தெல்லெத்தோ மேட்டில் இறக்கும். மரமும் வண்ணக் கண்ணாடியுமாக மேல் நிலையமே அழகு. மாலை நேரத்தில் போங்கள். அங்கிருந்து தொலைவில் மெலிதாகத் தெரியும் கோபுரம் லன்தேர்னா கலங்கரை விளக்கம். இப்போதுள்ளது 1543-இல் கட்டியது, 77 மீட்டர் உயரம், இன்றும் எரிகிறது. நேரில் போய் ஏற விரும்புகிறவர்கள் திறந்திருக்கும் நாட்களை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கூடுதலாக அரை நாள் கிடைத்தால் இரண்டில் ஒன்று. கடலில் ஆர்வமுள்ளவர்களுக்குக் கலாத்தா கடல் அருங்காட்சியகம்: முழு அளவில் கட்டிய துடுப்புக் கப்பலும், வாசலில் மிதக்கும் நாத்ஸாரியோ சவுரோ நீர்மூழ்கியும், அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஏழைகளின் படுக்கை அறைகளும் அங்கே உண்டு. மற்றவர்கள் பேருந்தில் ஸ்டால்யேனோ கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம். 1851-இல் திறந்தது. தேசத் தலைவர் மத்ஸீனியின் கல்லறை இங்கே. அதைவிட மனத்தில் நிற்பது கத்தெரீனா கம்பொதோனிகோவின் சிலை. சந்தைகளிலும் திருவிழாக்களிலும் கொட்டைமாலையும் வடைவடிவ ரொட்டியும் விற்ற பெண். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து, தாம் உயிரோடிருக்கும்போதே, 1881-இல் சிற்பி ஒரெங்கோவைக் கொண்டு தம் சிலையைச் செய்துகொண்டார். கையில் கொட்டைமாலையும் ரொட்டியும் பிடித்து நிற்கிறார். சால்வையின் நூல்குஞ்சம் ஒவ்வொன்றும் கல்லில் தனித்தனியாகத் தெரியும். பிரபுக்களின் கல்லறைகளுக்கு நடுவே அவர் நிற்கும் நிமிர்வைப் பார்க்கவே போகலாம்.

போகுமுன் சில குறிப்புகள்

ஏப்ரல் முதல் ஜூன் வரையும் செப்டம்பரும் நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் இங்கே திடீர்ப் பெருமழை பெய்யும். 2011-லும் 2014-லும் வெள்ளத்தில் உயிர்ச்சேதமே நேர்ந்தது. எச்சரிக்கை அறிவித்த நாளில் ஆற்றோரப் பகுதிகளுக்கும் சுரங்க நடைகளுக்கும் போகாதீர்கள். நகராட்சி அருங்காட்சியகங்கள் பொதுவாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஆலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உணவகங்கள் மூடி இரவு 7 மணி வாக்கில்தான் திறக்கும். இடைப்பட்ட பசிக்கு ரொட்டிக் கடைகளில் ஃபொகாச்சா கிடைக்கும். ஏற்றமும் படிக்கட்டும் வழுக்கும் கல்தரையும் உள்ள ஊர் என்பதால் பிடிப்புள்ள காலணி கட்டாயம். முதியவர்களோடு போகிறவர்கள் மின்தூக்கிகளையும் மலை இழுவை ரயிலையும் பயன்படுத்துங்கள். ஊர் மக்களே அன்றாடம் அவற்றில்தான் போய்வருகிறார்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் மீன் காட்சியகத்தையும் கொலம்பஸ் வீட்டையும் விட்டுவிடுங்கள். சான் ஜோர்ஜோ, சான் லொரென்ஸோ, சான் மத்தேயோ, சிவப்பு மாளிகை, கஸ்தெல்லெத்தோ ஐந்தையும் இதே வரிசையில் பாருங்கள். ஐந்தும் நடை தூரத்தில்தான் இருக்கின்றன.